நுனியக்காவின் நாற்காலி

காலையில் வந்ததும் நுனியக்கா செய்கிற முதல் வேலை நாற்காலியை மேலே ஏற்றுவது. கைப்பையைத் தோளிலிருந்து கழற்றுவதற்கு முன்பே குனிந்து, இருக்கைக்கு அடியில் இருக்கும் கைப்பிடியை இழுப்பார். நாற்காலி ஒரு பெருமூச்சு விட்டபடி எழும்பும். பிறகு காலால் மேசைக்கடியில் துழாவி, காகிதக் கட்டுகள் வந்த பழைய அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்து நேராக்குவார். கால் வைப்பதற்கு அது. நாற்காலியை மேசைக்குச் சரியாக ஏற்றினால் அவருக்குத் தரை எட்டாது. தரைக்குச் சரியாக இறக்கினால் மேசை எட்டாது. எல்லாம் ஒழுங்கானதும் "சரி, ஓடு" என்பார். கணினியிடம் சொல்கிறாரா, நாற்காலியிடமா, தன்னிடமேயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஓடுவது என்னவோ நாற்காலிதான். கீழ்நோக்கி ஓடும். அதன் நடுத்தண்டில் எங்கோ காற்று கசிகிறது. கண்ணுக்குத் தெரியாமல், விரல் விரலாக இறங்கும். தேநீர் வருகிற வேளையில் அவருடைய தோள்கள் காதுகளை நோக்கி ஏறியிருக்கும். மதியம் நெருங்கும்போது மேசை நெஞ்சுக்கு வந்துவிடும். முழங்கால்கள் மேசையின் அடிப்பலகையில் இடிக்கும். அப்போது பெட்டியை உதைத்து உள்ளே தள்ளுவார். அந்தச் சத்தம் கேட்டதும் பிரிவில் எல்லோரும் சாப்பாட்டுப் பையை எடுப்பார்கள்.

"கடிகாரம் கூட தப்பா ஓடும். அக்கா இறங்குறது தப்பவே தப்பாது" என்பாள் பக்கத்து மேசைப் பெண்.

"ஊர்ல எல்லாரும் வாழ்க்கையில முன்னேறுறாங்க. நான் ஒருத்திதான் தினம் காலையில ஏறி மத்தியானம் இறங்குறேன்" என்பார் நுனியக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மருத்துவக் காப்பீடு விற்கும் நிறுவனம் அது. நான் அங்கே அடுத்த பிரிவில் இருந்தேன். மருத்துவமனைகளிலிருந்து வரும் ரசீதுகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது அவர் பிரிவின் வேலை. யாருடைய இதயம், யாருடைய பித்தப்பை, யாருடைய முழங்கால் மூட்டு என்று நாளெல்லாம் முன்பின் தெரியாத மனிதர்களின் உறுப்புகள் அவர் விரல்கள் வழியாகப் போகும். சில நாள்களில் ஒரே வகை ரசீதாக வந்து குவியும். "நேத்து பூரா முதுகுத்தண்டு. அடுத்தவங்க முதுகை டைப் அடிச்சு அடிச்சே என் முதுகு போச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்ததும் இடுப்பில் கை போகும். அந்தப் பிரிவில் இருப்பவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். அந்த நிறுவனம் ஊருக்கெல்லாம் விற்கிற காப்பீடு அவர்களுக்குக் கிடையாது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். நுனியக்காவுக்கு அதில் வியப்பே இல்லை. "சமையல்காரன் பந்தியில உக்கார முடியுமா?" என்று கேட்பார். முடியாது என்று யார் சொன்னது, எந்த ஆண்டில் சொன்னது என்று நான் திருப்பிக் கேட்டால், "உனக்கு வாய் நீளம். எனக்கு ரசீது நீளம்" என்று மறுபடி தட்டத் தொடங்கிவிடுவார்.

நுனியக்கா என்பது அவர் பெயர் இல்லை. இருக்கையின் நுனியில் மட்டுமே உட்கார்வதால் வந்த பெயர். தன் மேசையில் தனியாக இருக்கும்போது வலி தாங்காமல் எப்போதாவது பின்னால் சரிவார். யாராவது மேலதிகாரி வரும் காலடி கேட்டால் போதும், கயிறு கட்டி இழுத்தது போல முன்னால் வந்துவிடுவார். கூட்டங்களில் சுவரோரம் ஒரு நாற்காலி கொடுத்தால் அதில் கால்வாசிதான் அவருக்கு. முக்கால்வாசியில் காற்று உட்கார்ந்திருக்கும். மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கைகள். உட்காரும்போதே எழுந்திருக்கத் தொடங்கிவிட்ட மாதிரி இருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவருடைய அம்மா ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். பள்ளி விடுமுறையில் மகளையும் கூட்டிப்போவார். அந்த வீட்டம்மா கெட்டவர் இல்லை. "உக்காரு பாப்பா" என்று ஒரு முக்காலியைக் காட்டுவாராம். அம்மா கண்ணாலேயே சைகை செய்வார்: நுனியில். கூப்பிட்டால் எழ வேண்டும். எழுந்தால், உட்கார்ந்த தடம் தெரியக் கூடாது. "அப்ப பழகினது. இப்ப அந்த வீடும் இல்ல, அம்மாவும் இல்ல. நுனி மட்டும் இருக்கு." இதற்குப் பணிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது உள்ளத்தில் இருக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் நுனியக்காவின் எக்ஸ்ரேயை ஒருமுறை வாங்கிப் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பில் இருக்கிறது.

அந்த அலுவலகத்தில் நாற்காலிகளுக்கும் குலமுறை உண்டு. புது நாற்காலி வந்தால் மேலாளர் அறைக்குத்தான் வரும். அதில் மெத்தை அமுங்கிப்போனால் அது அதிகாரிகளுக்கு இறங்கும். கைப்பிடி உடைந்தால் நிரந்தர ஊழியர்களுக்கு. சக்கரம் இழுத்து, தண்டு கசிந்து, முதுகு ஒரு பக்கம் சாய்ந்து, இனி இதில் மனிதர் உட்கார முடியாது என்ற நிலைக்கு வந்ததும் அது நுனியக்காவின் பிரிவுக்கு வரும். ஒரு நாளில் மிகக் குறைந்த நேரம் உட்கார்கிறவருக்கு மிக நல்ல நாற்காலி; எழுந்திருக்கவே நேரமில்லாதவர்களுக்கு ஓட்டை நாற்காலி. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை இது. ஆனால் எழுதிவைத்த சட்டங்கள் மீறப்படுவதை அங்கே பார்த்திருக்கிறேன். இது மீறப்பட்டுப் பார்த்ததில்லை.

வலிக்குக் காரணம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. "வயசாகுதுல்ல" என்பார் ஒருவர். "உடம்பைக் குறைங்கக்கா" என்பார் இன்னொருவர். "எல்லாம் நேரம், அடுத்த வருஷம் சரியாயிடும்" என்று கிரகங்களின் சார்பில் வாக்குக் கொடுத்தார் ஒரு அம்மா. அவரே கொடுத்த செம்பு வளையம் ஒன்று நுனியக்காவின் மணிக்கட்டில் கிடக்கிறது. வலி போகவில்லை. மணிக்கட்டில் ஒரு பச்சைக் கோடு வந்திருக்கிறது. ஆகாயத்தில் உள்ள கோள்களையெல்லாம் சந்தேகப்பட்டார்கள். உட்கார்ந்திருக்கும் நாற்காலியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர்தான் அதைக் கேட்டாராம்: "எதுல உக்காந்து வேலை பாக்குறீங்க?" இடது காலில் மரத்துப்போகும் உணர்வு வந்திருந்தது. இப்படியே போனால் உட்கார்ந்து செய்கிற எந்த வேலையும் பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பினார். நின்று செய்கிற வேலை எதுவும் நுனியக்காவுக்குத் தெரியாது.

இந்த நேரத்தில்தான் அதிசயம் போல ஒன்று நடந்தது. பிரிவு முழுவதற்கும் புது நாற்காலி வாங்கத் தலைமை அலுவலகம் அனுமதித்தது. அதுவும் முதுகுக்கு ஏற்ற நவீன வகை. கூடவே ஒரு நிபந்தனை: தேர்ந்தெடுக்கும் குழுவில், அதில் உட்காரப்போகிறவர்களில் ஒருவர் இருக்க வேண்டும். மேலாளர், பராமரிப்பு அதிகாரி, மூன்றாவதாக நுனியக்கா.

அன்று பிரிவே கூடிவிட்டது. "அக்கா, மாப்பிள்ளை பாக்குறதை விட கவனமா பாருங்க. புருஷன்கூட ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுறோம். இதுகூடத்தான் காலம் பூரா குடித்தனம்" என்றாள் ஒருத்தி. "கைப்பிடி தாங்குதான்னு பாருங்க" என்றாள் இன்னொருத்தி. பக்கத்து மேசைப் பெண் வயிற்றைப் பிடித்தபடி எழுந்து வந்தாள். முதல் பிள்ளை, பிரசவத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஒப்பந்தப் பணியில் இருக்கிறவர்கள் கடைசி வாரம் வரை வந்தாக வேண்டும். "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. என் முதுகையும் உங்ககூட கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"கொண்டா, பையில போட்டுக்கறேன்" என்று நுனியக்கா கைப்பையைத் திறந்து காட்டினார்.

கடையில் நடந்ததை அவரே பிறகு சொன்னார். கண்ணாடிச் சுவர், குளிர்ந்த காற்று, வரிசையாக நாற்காலிகள். விற்பனையாளர் ஒரு சாம்பல் நிற நாற்காலியை நடுவில் இழுத்துவிட்டு, இடுப்புக்குத் தாங்கல் இது, தலைக்குத் தாங்கல் இது என்று பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தார். மேலாளர் நெட்டையான மனிதர். முதலில் அவர் உட்கார்ந்தார். நன்றாகப் பின்னால் சாய்ந்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து, ஒரு சுற்றுச் சுற்றினார். "ஆகா! இதுல உக்காந்தா வேலை எங்க ஓடும், தூக்கம்தான் வரும்" என்றார். பராமரிப்பு அதிகாரி சாவிக்கொத்து குலுங்கக் குனிந்து சக்கரங்களைத் தட்டிப் பார்த்தார். "கறுப்பு வேணாம் சார். அழுக்கு தெரியாது. தொடைக்கிறவன் ஏமாத்திடுவான்" என்றார்.

பிறகு விற்பனையாளர் நுனியக்காவைப் பார்த்தார். "மேடம், நீங்க."

மேலாளர் ஒரு பக்கம் நிற்கிறார். பராமரிப்பு அதிகாரி இன்னொரு பக்கம் நிற்கிறார். நடுவில் நாற்காலி. நுனியக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கே உட்கார்ந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"நல்லா சாஞ்சு உக்காருங்க மேடம்."

"இல்ல, பரவால்ல. நல்லாத்தான் இருக்கு."

"கால் தரையில படுதா?"

குனிந்து பார்த்தார். பட்டது. நுனியில் உட்கார்ந்தால் எந்த நாற்காலியிலும் யாருக்கும் கால் தரையில் படும். "படுது" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மெத்தையில் தடம் கூடப் பதியவில்லை. மாதிரிக்கு ஒன்றை மேலாளர் அறைக்கு அனுப்பிவைப்பதாகவும், திங்கட்கிழமை ஆர்டரில் கையெழுத்துப் போடலாம் என்றும் முடிவாயிற்று. அலுவலகத்துக்குத் திரும்பியதும் எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை மேலே ஏற்றினார். பக்கத்து மேசைப் பெண் தன் இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நாள் பொறுத்துக்கடி" என்று அதனிடம் சொன்னாள்.

நுனியக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். அவருக்கும் முதுகுவலி. "எங்க வீட்டுல ரெண்டு முதுகு, ஒரே தைலம். முதல்ல யார் குனியிறாங்களோ அவங்களுக்கு மத்தவங்க தேய்க்கணும்னு ஒப்பந்தம்" என்பார் நுனியக்கா. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் குனிந்திருந்தார், கணவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, நாற்காலி பாக்கப் போனியே, எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. சாம்பல் கலர்."

"கலர் கெடக்கட்டும். முதுகை எங்க புடிக்குது?"

நுனியக்கா இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"சாஞ்சு பாத்தியா இல்லியா?"

"அவங்க ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு இருந்தாங்க."

"அதுக்கு?"

"அவங்க நிக்கிறப்ப நான் எப்படிங்க சாய்றது?"

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடிப்பாவி! நாற்காலி கடைக்குப் போயி நின்னுட்டு வந்திருக்கா!" சிரிப்பில் அவருடைய முதுகும் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்து நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "வண்டியில ஏறினதும் நான் என்ன செய்வேன்? சீட்டை என் காலுக்கு இழுப்பேன். முன்னாடி ஓட்டினவன் நெட்டையன்னா, அவன் காலை வெச்சு நான் ஓட்ட முடியுமா? பிரேக் எட்டலன்னா யார் மேல ஏத்துறது?"

"எனக்குப் பிரேக் இல்லையே."

"அதான் தெரியுதே. எதைக் காட்டினாலும் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு வர்ற உனக்குத்தான் பிரேக்கே இல்லியே."

நுனியக்கா வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாராம். தைலம் காய்ந்துவிட்டது. "அந்தப் பொண்ணுகிட்டயும் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டேங்க" என்றார்.

திங்கட்கிழமை காலையில் அவர் நாற்காலியை மேலே ஏற்றவில்லை. கைப்பையோடு நேராக மேலாளர் அறைக்கு வந்தார். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்க நான் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தேன். மேலாளர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். ஜன்னலோரம் நின்றபடி, பேனாவைத் திறந்து, பராமரிப்பு அதிகாரி நீட்டிய தாளை வாங்கிக்கொண்டிருந்தார். அறையின் நடுவில் அந்தச் சாம்பல் நிற நாற்காலி.

"வாங்கம்மா. உங்க நாற்காலிக்குத்தான் கையெழுத்துப் போடறேன். திருப்திதானே?"

"சார், நான் சரியா உக்காரல."

மேலாளருக்குப் புரியவில்லை. "உக்காந்தீங்களே. நான் பாத்தேனே."

"நுனியில உக்காந்தேன் சார்."

"சரி, அதனால?"

"சாஞ்சு பாக்கல சார். அன்னைக்கு நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க." ஒரு மூச்சு வாங்கினார். "நான் நல்லாயிருக்குன்னு சொன்னது தப்பு. எனக்குத் தெரியாது, சார். இன்னொரு தடவை உக்காந்து பாக்கணும்."

பராமரிப்பு அதிகாரியின் சாவிக்கொத்து குலுங்கியது. "என்னம்மா விளையாட்டா இருக்கா? விலை பேசியாச்சு. நாளைக்கு லாரி ஏத்துறான். அன்னைக்குக் கேட்டப்ப வாயைத் திறக்கல, இன்னைக்கு வந்து சாயணுங்கறீங்க?"

அவர் கோபத்தில் ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றும். கேட்டார்கள், சொன்னார், முடிந்தது. வாய் திறக்காதே என்று ஒரு பிறவி முழுக்கப் பழக்கிவிட்டு, ஒரே ஒரு நாள் வாயைத் திற என்று கேட்டு, திறக்கவில்லையே என்று குற்றம் சாட்டுகிற நியாயம் அது. உலகத்தில் பாதிக் கையெழுத்துகள் அதன் மேல்தான் விழுகின்றன.

நுனியக்கா பின்வாங்குவார் என்று நினைத்தேன். அவருடைய கை கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது. "அங்க எல்லாரும் என்னை மாதிரி குட்டைங்க சார்" என்றார். "ஒரு பொண்ணு மாசமா இருக்கா."

மேலாளர் தாளைக் கீழே வைக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. "சரி, உக்காந்து பாருங்க. உக்காந்தா என்ன ஆயிடப்போவுது" என்றார். சொல்லிவிட்டுத் தான் உட்காரவில்லை. நின்றபடியே இருந்தார்.

நுனியக்கா கைப்பையைத் தரையில் வைத்தார். மேலதிகாரி முன்னால் உட்காரும்போது அது அவர் மடியில் இல்லாமல் நான் பார்த்தது அதுவே முதல்முறை. உட்கார்ந்தார். முதலில் நுனியில்தான், அந்த உடம்புக்கு வேறு வழி தெரியாது. பிறகு இரண்டு கைகளையும் கைப்பிடிகளில் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தார். குளிர்ந்த நீரில் இறங்குகிறவர் போல நின்று நின்று போனார். இருக்கை அவருக்கு நீளம். முதுகு சாய்மானத்தைத் தொட்டபோது மெத்தையின் விளிம்பு கெண்டைக்கால் வரை வந்துவிட்டது. பாதங்கள் தரையை விட்டு எழும்பி, பெரியவர்களின் நாற்காலியில் ஏறிய குழந்தையின் கால்களைப் போல முன்னால் நீண்டு நின்றன. தலைக்குத் தாங்கல் உச்சந்தலைக்கு மேலே சும்மா இருந்தது.

"இன்னும் இறக்குங்க. கீழ கைப்பிடி இருக்கு பாருங்க" என்றார் மேலாளர்.

பராமரிப்பு அதிகாரி குனிந்து இழுத்தார். நாற்காலி அசையவில்லை. "இதான் சார் கடைசி இறக்கம்" என்றார். குரலில் வேகம் குறைந்திருந்தது. "காலுக்கு ஒரு பெட்டி வெச்சுக்கிட்டா சரியாயிடும்மா."

"பெட்டி வெச்சுக்கிட்டுத்தான் சார் இவ்வளவு வருஷம் இருந்தேன்."

மேலாளர் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தொங்கிக்கொண்டிருந்த இடது பாதத்திலிருந்து செருப்பு மெல்ல நழுவியது. கட்டைவிரலில் ஒரு கணம் நின்றது. பிறகு மேலாளரின் பளபளக்கும் தரையில் டப்பென்று விழுந்து புரண்டது. ஒரு காகிதம் பறந்தால்கூட "ஐயோ சாரி சார்" என்று ஓடிப்போய்க் குனிகிறவர் நுனியக்கா. மேலாளர் கையெழுத்துப் போடாத பேனாவை மூட, அதன் மூடியைச் சட்டைப்பையில் தேடினார்.

நுனியக்கா குனியவில்லை. சாய்ந்தபடியே கண்ணை மூடி, அந்த வெறும் காலை இப்படியும் அப்படியுமாக மெல்ல ஆட்டினார்.